முப்பத்தோராம் பீப்பாய்

கசடுக்குப் பெயர் கிடையாது.
பேரேட்டில் ஓர் எண், ஓர் எடை,
பக்கத்தில் பென்சிலில் கேள்விக்குறி.
ஸ்பிரிங்ஸ் நகரத்து ஆலையில்
பிளாட்டினத்தைப் பிரித்து அனுப்பிவிட்டார்கள், தங்கத்தையும்;
அமிலம் தின்ன மறுத்ததெல்லாம்
பீப்பாய் பீப்பாயாய் என் அறைக்கு வந்தது.

உடைந்த மூசைகள், உலைவாய்த் தூசி,
துடைப்பத்தை எரித்த சாம்பல்,
ஷிஃப்ட் முடிந்து குளித்தவர்கள்
காலடியில் விட்டுப்போன தண்ணீரின் வண்டல்.
இங்கே எதையும் கொட்டிவிட முடியாது.
வாசலில் நகக்கண்ணைக்கூடச் சுரண்டி வாங்கிக்கொள்வார்கள்.

"உள்ளே ரோடியம் இருக்கிறது,
கணக்கு சொல்கிறது" என்றார் ஃபெர்மாக்.
கணக்குக்கு வாய் உண்டு, கை இல்லை.
கை என்னுடையது.

காரத்தோடு சேர்த்து உருக்கினேன்.
மூசைக்குள் சிவந்து குமுறி
ஆறியதும் கருங்கல்லாய் நின்றது.
தண்ணீரில் இளகிக்கொடுத்தது. சந்தோஷம்.
அமிலம் சொட்டினேன். சந்தோஷம் போயிற்று.
மணல், விலையே இல்லாத மணல்,
கூழாய்த் திரண்டு
வடிதாளின் கண் ஒவ்வொன்றையும் அடைத்துக்கொண்டது.
ஒரு லிட்டர் வடியப் பதினான்கு மணி நேரம்.

"எங்கள் வீட்டில் அடிபிடித்த பாப்
இதைவிடச் சீக்கிரம் வடியும்" என்றான் மொகெட்ஸி,
சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே.

ஐந்து மாதம்.
சூட்டை ஏற்றினேன், இறக்கினேன்.
கலக்கியை வேகமாகச் சுழற்றினேன், இன்னும் வேகமாக.
கனவில்கூட எதையோ கலக்கிக்கொண்டிருந்தேன்.
மகள் கேட்டாள்: அம்மா, ஏன் பல்லைக் கடிக்கிறாய்?

ஒரு செவ்வாய் இரவு
அட்டவணையில் இல்லாத மின்வெட்டு.
ஜெனரேட்டர் புகைபோக்கிக்கு மட்டும்தான் போதும்.
இருட்டில் யாரும் உள்ளே இருக்கக்கூடாது என்பது சட்டம்;
அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினோம்.
கலக்கி நின்றுபோயிருந்தது.
சொட்டும் அமிலத்துக்கு மின்சாரம் எதற்கு?
அது விடிய விடியச் சொட்டியிருக்கிறது,
மணல்தொட்டியின் சூடு
அவசரமில்லாமல் இறங்க இறங்க.

காலையில் பார்த்தால்
அடியில் ரவை ரவையாய் மணல்.
மேலே தெளிந்த சிவப்பு,
பனிக்காலத்துக்கு முந்திய கடைசி ரோஜாவின் நிறம்.
வடிதாளில் ஊற்றினேன்.
மொகெட்ஸி கடிகாரத்தைப் பிடித்தான்:
பதினோரு நிமிடம்.
இருவரும் பேசவில்லை. பிறகு அவன்
பெட்டியைத் திறந்து எனக்குப் பாதி கொடுத்தான்.

அறிக்கையில் எழுதினேன்:
"கலக்காமல், மெதுவாக, ஒரே சீராகச் சேர்க்கவும்."
மின்வெட்டு என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

ஆகஸ்டில் வழக்கமான தோல் சோதனை.
முன்கையில் பிளாட்டின உப்பின் ஒரு துளி, ஓர் ஊசிமுனை.
நர்ஸ் டூடூஸிலே கடிகாரம் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்,
அளவுகோலை எடுத்து வைத்தாள்.
பயறளவு வீக்கம்.
"கெலெபொகிலே, இடது கை" என்று எழுதிவிட்டு
பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வாரமாய் இரவில் இருமினேன்.
தூசி என்று சொல்லிக்கொண்டேன்.
எதன் தூசி என்று கேட்டுக்கொள்ளவில்லை.

மேல்முறையீடு கிடையாது.
உடல் ஒருமுறை அந்த உப்பை அடையாளம் கண்டுவிட்டால்
பிறகு மறப்பதில்லையாம்.
அன்று மாலையே பூட்டுப்பெட்டியைக் காலிசெய்தேன்.
அங்கி, கையுறை, ஐந்து வருடம் தேய்ந்த காலணி
எதுவும் வாசலைத் தாண்டாது.
மூன்றும் முப்பத்தோராம் பீப்பாயில் விழுந்தன.

இப்போது சாலைக்கு எதிர்ப்புறம்
கணக்குப் பிரிவில் எனக்கொரு ஜன்னல்.
என் செய்முறை அங்கே பெரிய தொட்டிகளில் நடக்கிறது.
கலக்காமல், மெதுவாக.
சுவாசக் குப்பியை மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

நேற்று மொகெட்ஸி தொலைபேசியில்:
"முப்பத்தொன்று முடிந்தது."
என் காலணியில் எவ்வளவு இருந்தது என்றேன்.
தாள் புரளும் சத்தம்.
"கண்டறியும் எல்லைக்குக் கீழே."
அவன் சிரித்தான். நானும் சிரித்து, இருமி,
மூச்சு திரும்பியதும் சொன்னேன்:
இன்னொரு தடவை நிறுத்துப் பார்.